ரூட் சேவையிலிருந்து திரை முன் இருப்பவரைக் கண்டுபிடிப்பது

மழை பிடித்தால் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாடசாலைக் கணினி அறையின் லினக்ஸ் கணினிகளில், யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் கருவி) பேட்டரிக்கு மாறியதும், திரை முன் இருக்கும் மாணவருக்கு 'சேமியுங்கள்' என்று அறிவிப்புப் போக வேண்டும். அனுப்பும் சேவை பின்னணியில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக, ஓடுகிறது. யாருடைய திரை என்று அது எப்படி அறியும்?

ஹூஆம்ஐ கட்டளை உதவாது. சேவை எந்தப் பயனராக ஓடுகிறதோ அதைத்தான் சொல்லும், அதாவது ரூட். அழைத்தவரின் பெயரை வைத்திருக்கும் சூடோ_யூசர் மாறியும், சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) வழியாக ஓட்டினால்தான் கிடைக்கும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கிய சேவையில் அது காலி. டெர்மினலில் அழகாக ஓடிய ஸ்கிரிப்ட் சேவையானதும் படுத்துவிடுவது பெரும்பாலும் இதனால்தான். நுழைந்திருப்பவர்களைக் காட்டும் ஹூ கட்டளையின் பட்டியலில் முதல் வரியையும் நம்பாதீர்கள். வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்த ஆசிரியர் அங்கே இருக்கலாம்.

கீழே கட்டளைகளை ஒலிப்பில் தருகிறோம். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1. இப்போது திரையைப் பிடித்திருக்கும் அமர்வு (ஒருவர் நுழைந்ததும் தொடங்கும் செஷன்) எது?

லொகின்சிடிஎல் ஷோ-சீட் சீட்0 -பி ஆக்டிவ்செஷன் --வேல்யூ

(ஆக்டிவ், செஷன் இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, இடையில் இடைவெளி இல்லை.) விடை 4 என்றோ சி2 என்றோ வரும். எண் என்று நினைத்துக் கணக்குப் போடாமல் எழுத்துச் சரமாகவே வையுங்கள். காலியாக வந்தால் யாரும் இல்லை, அங்கேயே நிறுத்துங்கள். ஒரே கணினியில் இரண்டு மாணவர் மாறி மாறி நுழைந்திருந்தாலும் இங்கே ஒருவர்தான் வருவார்.

படி 2. அந்த அமர்வு யாருடையது? (4 இருக்கும் இடத்தில் படி 1இன் விடையைப் போடுங்கள்.)

லொகின்சிடிஎல் ஷோ-செஷன் 4 -பி நேம் -பி யூசர் -பி கிளாஸ்

நேம், யூசர், கிளாஸ் முதல் எழுத்து பெரியது. நேம் பெயரையும், யூசர் 1003 போன்ற எண்ணையும் தரும். கிளாஸ் 'கிரீட்டர்' என்றால் அது நுழைவுத் திரை, மாணவர் இல்லை.

படி 3. ரூட்டாகவே அனுப்பினால் மாணவரின் திரைக்குப் போகாது. படி 2இல் கிடைத்த பெயரையும் எண்ணையும் மாணவர்3, 1003 இருக்கும் இடங்களில் போட்டு, அவர் பெயரில் ஓட்டுங்கள்:

ரன்யூசர் -யூ மாணவர்3 -- என்வ் டிபஸ்_செஷன்_பஸ்_அட்ரஸ்=யூனிக்ஸ்:பாத்=/ரன்/யூசர்/1003/பஸ் நோட்டிஃபை-செண்ட் -யூ கிரிட்டிக்கல் 'சேமியுங்கள்'

சமக்குறிக்கு முன்னுள்ள மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்து. கிரிட்டிக்கல் போடாவிட்டால் அறிவிப்பு சில நொடியில் மறைந்துவிடும்.

கணினி எழும்போதே பெயரைக் கேட்டுச் சேமித்து வைக்க வேண்டாம். அப்போது யாருமே நுழைந்திருக்கமாட்டார்கள். பேட்டரிக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் படி 1இலிருந்து கேளுங்கள். சோதனையை வெறும் சூடோவில் செய்யாமல் சேவை போலவே ஓட்டும் சிஸ்டம்டி-ரன் கட்டளை மூலம் ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் கொடுத்து ஓட்டுங்கள். பிழை இருந்தால் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் தெரியும்.