அடாப்டர் பின் நுழைந்துவிட்டால் போதுமா? அடாப்டர் மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஈரக் கையோடு பிளக்கைத் தொடக்கூடாது, வயரைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள். பழுதுபார்க்கக் கற்க வரும் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் செய்பவை வேறு. எல்லாம் நானும் செய்தவைதான்.

பின் நுழைகிறதே என்று சுவிட்சைப் போடுவது

நினைத்தால் இன்னமும் எரிச்சல் வரும். 9 வோல்ட் கீபோர்டு, அதுவும் நண்பனிடம் இரவல் வாங்கியது. அடாப்டர் தொலைந்துவிட்டது. பெட்டியில் கிடந்த இன்னொன்றும் 9 வோல்ட்தான், ஆம்பியரும் போதும், வயர் முனையிலுள்ள உருண்டையான பின்னும் அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே போனது. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாடை. அந்தக் கீபோர்டுக்கு நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். என் அடாப்டரோ நேர்மாறு. தலைகீழாக வரும் மின்சாரத்தைத் தடுக்க உள்ளே ஒரு டயோடு இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இல்லை.

பெரும்பாலான அடாப்டர்களில் நடுவில் பிளஸ்தான். வினையே அங்குதான், பழகிப்போய் யாரும் பார்ப்பதில்லை. கிட்டார் பெடல்களிலும் பல பழைய கீபோர்டுகளிலும் நடு மைனஸ். லேபிளில் ஒரு புள்ளி, அதைச் சுற்றித் திறந்த வளையம், இரு பக்கமும் பிளஸ், மைனஸ் குறிகள் இருக்கும். புள்ளியோடு கோடு சேரும் குறிதான் நடுவில் இருப்பது. சாதனத்தின் பின்புறமும் இதே படம் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடாப்டர் லேபிள் அழிந்திருந்தால் மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பை வெளியேயும் வையுங்கள். எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தால் நடு மைனஸ். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடாது.

பின் நுழைவதையும் நம்ப முடியாது. வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள பின்களில் உள்துளை 2.1, 2.5 என இரண்டு உண்டு. சாதனத்தில் பின் நுழையும் இடம்தான் ஜாக்; 2.1-க்கான ஜாக்கில் 2.5 சுகமாகப் போய் உட்காரும். கொஞ்சம் அசைத்தால் கரண்ட் விட்டுவிட்டு வரும்.

ஆம்பியர் கூடினால் எரியும் என்ற பயம்

எரியாது. 1 ஆம்பியர் ரூட்டர் 2 ஆம்பியர் அடாப்டரிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுக்கும். குறைந்தால்தான் தொல்லை.

ஏசி வெளியீட்டைக் கவனிக்காதது

டிசி கேட்கும் சாதனத்துக்கு ஏசி தரும் அடாப்டர் ஆகாது. லேபிளில் வெளியீட்டுக்கு எதிரே அலைக்கோடு இருந்தால் ஏசி. நேர்கோடும் அடியில் விட்டுவிட்ட கோடும் டிசி.

சும்மா அளந்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பது

ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அடாப்டரை அளந்தால் 12 வோல்ட் காட்டும். உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் கபாசிட்டர் உப்பிய அடாப்டர் அப்படித்தான் நடிக்கும். லோடு ஏறியதும், அதாவது சாதனம் கரண்ட் இழுக்கத் தொடங்கியதும், வோல்ட் விழும். சாதனம் ஓடும்போது அளக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனத்த அடாப்டர் இதற்கு எதிர்: 12 என்று எழுதியிருக்கும், லோடு இல்லாமல் 16 காட்டும். பழுது அல்ல, அதன் சுபாவம்.

லேப்டாப்பின் 19 வோல்ட்டை 12 வோல்ட் சாதனத்தில் செருகிப் பார்ப்பது

வேண்டாம்.