போடிமெட்டு ஏறும்போது ஜிபிஎஸ் அணைந்துபோகிறதா? பைக்கில் மின்சாரம் எங்கே தடைபடுகிறது என்று கண்டறியும் முறை

போடியிலிருந்து முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டியதும் கேரளம். பூப்பாறை, ராஜகுமாரி, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். தோட்டங்களுக்குள் பிரியும் பாதைகளில் பல இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியை நான் பைக்கில் மாட்டியிருப்பது அதனால்தான்.

ஒரு ஆனி மாதச் சாரலில், பூப்பாறைக்குச் சற்று முன்னால் அந்தக் கருவி அணைந்தது. மூடுபனி, பக்கத்தில் பள்ளம், வழி கேட்க ஒருவரும் இல்லை. ஊர் திரும்பியதும் ஒரு கடையில் காட்டினேன். கருவி போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார்கள். மனம் ஒப்பாமல், பைக்குகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் போனேன். “கருவியைத் தொடாதீர்கள் தம்பி. அந்தக் கறுப்பு ஒயர் எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள்” என்றார். பழுது அங்கேதான் இருந்தது. அவரிடம் கற்ற வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தேவையானவை ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் ஒரு துண்டு.

முதலில், இது மின்சாரப் பிரச்சினைதானா?

திரை எரிந்துகொண்டே இருந்து, செயற்கைக்கோளைத் தேடுவதாகச் செய்தி வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. அடர்ந்த நிழல்மரங்களும் செங்குத்தான பாறையும் வானத்தை மறைக்கின்றன, அவ்வளவுதான். திறந்த வெளிக்கு வந்து சற்று நில்லுங்கள்.

திரையே அணைந்தாலோ, பேட்டரிக் குறியின் மேல் மின்னல் அடையாளம் வந்து வந்து மறைந்தாலோ மேலே படியுங்கள்.

இரண்டாவது, கருவியைத் தனியாகச் சோதியுங்கள்

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில், நல்ல சார்ஜரும் ஒயரும் கொண்டு ஒரு மணி நேரம் சார்ஜ் செய்யுங்கள். ஏறினால் கருவியின் பேட்டரியும் யூஎஸ்பி துளையும் நலம். ஆனால் பைக்கில் கருவியைப் பிடித்து நிறுத்தும் தொட்டிலில் வேறு உலோக முனைகள் வழியாக மின்சாரம் ஏறும் கருவிகளும் உண்டு. அந்த முனைகளைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

பைக்கில் யூஎஸ்பி ஒயரைச் செருகியதும் திரையில் கணினிப் படம் வந்து, வரைபடம் மறைந்துவிடுகிறதா? அது பழுதில்லை. சில கருவிகள் தரவு ஒயரைக் கண்டதும் கணினியோடு சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். அந்தக் கருவிக்கென்று விற்கும் வாகன ஒயரைப் போட்டால் சரியாகும்.

மூன்றாவது, பேட்டரி

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முள் 10 ஆம்பியர் துளையில் செருகப்படவில்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். அந்தத் துளையில் இருந்தபடி பேட்டரியைத் தொட்டால் நேரடி ஷார்ட் ஆகும். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது நன்றாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைச் சற்றுக் கூட்டினால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். அப்போதும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் பைக் தன் பேட்டரிக்கே சார்ஜ் கொடுக்கவில்லை. 15-க்கு மேல் போனால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள். அதுவரை கருவியை மாட்டாதீர்கள்.

செல்ஃப் அழுத்தும் நொடியில் வோல்ட் சரிவது இயல்பு. அந்த நொடியில் மட்டும் கருவி அணைகிறது என்றால், எஞ்சினைக் கிளப்பிய பிறகு கருவியைப் போடுங்கள்.

நான்காவது, ஃபியூஸ்

சிவப்பு ஒயரில், பேட்டரிக்கு அருகே சிறு கூட்டுக்குள் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் தரும் சார்ஜர் 12 வோல்ட் பக்கத்திலிருந்து எடுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான். எனவே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எரிந்த ஃபியூஸில் செப்பு இழையைச் சுற்றி ஓட்டுவதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த ஒயர் பெட்ரோல் டேங்கின் அடியில்தான் போகிறது.

ஐந்தாவது, எர்த்: என்னுடைய பழுது இருந்த இடம்

எர்த் என்பது மின்சாரம் கறுப்பு ஒயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. இதை நிதானமாகப் படியுங்கள். கருவியை மாட்டாமல், தொட்டிலுக்கு வரும் இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 காட்டும். மின்சாரம் வருகிறது, ஆகவே கருவிதான் கெட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். அந்தக் கடையில் நடந்ததும் அதுவே. மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. அந்த அளவுக்குத் துருப்பிடித்த இணைப்பும் வழிவிடும். கருவி அரை ஆம்பியர் கேட்கும்போதுதான் சாயம் வெளுக்கும். என் பைக்கில் கருவியை மாட்டியதும் 12.6 இருந்த இடத்தில் 8-க்குக் கீழே இறங்கியது.

ஆகவே கருவி எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் வையுங்கள்; மற்றதைத் தொட்டிலுக்கு வரும் கறுப்பு ஒயரின் முனையில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. சிவப்புப் பக்கத்தையும் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இதேபோல் பாருங்கள்.

என் கறுப்பு ஒயர் ஹேண்டில்பாரில், பெயின்ட் அடித்த ஒரு போல்ட்டின் கீழே இருந்தது. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது; விளிம்பில் தேய்ந்த சிறு இடத்தில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. சாரல் நீர் இறங்கியதும் அங்கும் துரு ஏறிவிட்டது. கறுப்பு ஒயரைப் பேட்டரியின் நெகட்டிவ் வரை நேராகக் கொண்டுபோனோம். அதன் பிறகு ஒரு மழையிலும் அணையவில்லை.

ஆறாவது, ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கருவியைப் போட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அணைந்தால், ஹேண்டிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. மேலுறை நன்றாகவே தெரியும், ஏமாறாதீர்கள். 17 வளைவுகள் ஏறி இறங்கும் பைக்கில் இது சீக்கிரம் வரும். புதிய ஒயர் போடும்போது அந்த இடத்தில் தொய்வு விடுங்கள்.

ஏழாவது, தொட்டிலின் முனைகள்

பச்சைக் களிம்பு படிந்திருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பித்தளைப் பாத்திரம் என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். புளிப்பு உள்ளே தங்கி மேலும் அரிக்கும். ஸ்பிரிங் முனைகள் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வருகின்றனவா என்று விரலால் பாருங்கள்.

புதிதாக இணைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முகப்பு விளக்கின் ஒயரிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். பழைய 100 சிசி பைக்குகள் பலவற்றில் அந்த விளக்குக்குப் பேட்டரியிலிருந்து வராமல், எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் காயிலிலிருந்து நேரே மாறுதிசை மின்சாரம் போகிறது. அது எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும், கருவியைக் கெடுக்கும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பேட்டரி ஒயரை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, அதைக் கொண்டு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், மலையில் சார்ஜ் ஏறி, கீழே தேனிச் சாலையின் சித்திரை வெயிலில் மட்டும் ஏறாமல் போனால் ஒயரைப் பிரிக்க வேண்டாம். லித்தியம் பேட்டரியின் சூடு 45 டிகிரியைத் தாண்டினால் கருவி தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு புளியமர நிழலில் கால் மணி நேரம் நிறுத்துங்கள். மின்னல் குறி திரும்ப வந்துவிடும்.