நாய் தோல்ல ஈஸ்ட்டா? மொதல்ல அந்த எண்ணெய் பாட்டில உள்ள வைங்க

எங்க பக்கம் பாம்பன், தங்கச்சிமடத்துல நாய் சொறிஞ்சா ஒடனே தேங்கெண்ணெய எடுத்து தடவிருவாங்க, நானும் அதத்தான் செஞ்சேன், ரெண்டு நாள் பளபளன்னு இருந்துச்சு, மூணாம் நாளு வாடைல வீட்டுக்குள்ள நிக்க முடியல. அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, மலசீசியாங்கிற இந்த ஈஸ்ட்டுக்கு (கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை பூஞ்சை) எண்ணெய்ப்பசைதான் சாப்பாடே. நல்லா இருக்க நாய் தோல்லயும் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஈரமும் சூடும் சேந்தா பெருகிரும். ஐப்பசி, கார்த்திகைல நம்ம கடக்காத்துக்கு துணியே காயாது, நாயோட கக்கம் எங்குட்டு காயும்.

மாவு புளிச்சு ஊசிப்போன மாதிரி வாடை, பிசுபிசுப்பு, நக்கி நக்கி விரலிடுக்குல துருக்கலர், நாளாயிருச்சுன்னா கறுத்து தடிச்சு யானைத்தோல் மாதிரி ஆயிரும். காது, தொடையிடுக்கு, கழுத்து மடிப்பு இதெல்லாம் பாருங்க. ஆனா காது ஓரத்துலயும் முழங்கைலயும் பொருக்கு தட்டி முடி கொட்டி, வீட்டாளுகளுக்கும் அரிச்சா அது சொறிப்பூச்சியா இருக்கலாம், அதுக்கு மருந்து வேற.

வீட்டுல செய்யறதுல உருப்படியானது குளியல்தான். குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம், மைகோனசோல் 2 சதவீதம் சேந்த நாய் ஷாம்பு கேட்டு வாங்குங்க, நுரைய போட்டு 10 நிமிஷம் மணி பாத்து விடணும் (இதுலதான் எல்லாரும் அவசரப்படுவாங்க, நுரை போட்ட கையோட தண்ணிய ஊத்திருவாங்க), வாரத்துக்கு ரெண்டு தடவ, மூணு நாலு வாரம். கடைசியா ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்துங்க, நம்ம போர் தண்ணி உப்பு தோல்ல படிஞ்சா இன்னும் அரிக்கும். கடல்ல முக்கி எடுத்தா சரியாயிரும்னு பெருசுக சொல்லும், அது நேரா போயி மணல்ல பொரண்டு ஈரத்தோட வந்து படுக்கும், அம்புட்டுதான்.

பழைய கைலிய வச்சு விரலிடுக்கு வரைக்கும் ஒத்தி எடுத்துட்டு ஃபேன் போட்டு விடுங்க, ஷாம்புல பாதி வேலைன்னா காய வைக்கிறதுல மீதி.

குளிக்காத நாள்ல பாதத்துக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து துணில நனைச்சு தொடைக்கலாம், புண்ணு இருந்தா வேணாம், கத்திரும். காதுக்குள்ள ஊத்தவே ஊத்தாதீங்க. வேப்பந்தண்ணி தப்பில்ல, அத மட்டும் நம்பாதீங்க. டீ ட்ரீ ஆயில், கற்பூரம், வண்டி கழிவு ஆயில் எல்லாம் வெசம், நாய் நக்கி உள்ள போயிரும்.

திரும்பத் திரும்ப வந்தா உள்ள வேற காரணம் இருக்கும், தெள்ளுப்பூச்சி அலர்ஜி, தைராய்டு மாதிரி. ரெண்டு வாரத்துல வாடை குறையலன்னாலும், தலைய சாய்ச்சே வச்சிருந்தாலும் கால்நடை மருந்தகத்துல காட்டிருங்க, தோல்ல டேப்ப ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தா ஈஸ்ட்டா இல்லையான்னு தெரிஞ்சிரும். போற அன்னைக்கு மட்டும் கௌரவம் பாத்து குளிப்பாட்டி கூட்டிட்டு போயிறாதீங்க, டேப்ல ஒண்ணும் ஒட்டாது.