மாணவர்களிடம் சிகரெட் பழக்கம் பற்றிக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் சிகரெட் பழக்கத்தைக் கணக்கெடுக்கக் கிளம்புகிறவர்கள் கேள்வித்தாளைத் திருத்தித் திருத்தி எழுதுவார்கள். ஆனால் கணக்கெடுப்பு பெரும்பாலும் கெட்டுப்போவது வகுப்பறைக்குள்தான். பக்கத்தில் நண்பன், எதிரே வகுப்பாசிரியர். இந்த நிலையில் ஒரு 14 வயதுப் பிள்ளை 'ஆம், பிடித்திருக்கிறேன்' என்று குறிக்குமா? மேசைகளுக்கு இடையே நடந்துகொண்டே கண்காணிக்கும் ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அந்த நேரத்தில் அவர் அங்கே இருக்கக் கூடாது. வெளியாள் ஒருவர் தாளைக் கொடுக்கட்டும், பிள்ளைகளே உறையில் போட்டு ஒட்டட்டும்.

பெயர் கேட்கவில்லை என்பதும் போதாது. பிறந்த தேதி, பிரிவு, உடன்பிறந்தவர் எண்ணிக்கை என்று வரிசையாகக் கேட்டால் ஆள் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். மாணவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும்.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. 'புகைக்காதவர்கள் 20ஆம் கேள்விக்குச் செல்லவும்' என்று எழுதிவிடுகிறார்கள். விளைவு? புகைக்காதவர்கள் சீக்கிரம் முடித்துப் பேனாவை மூடிவிடுவார்கள். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர் யார் என்று வகுப்பே பார்க்கும். அடுத்த சில நிமிடங்களில் மற்றவர்களும் 'இல்லை' என்று குறித்துவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு 1999இல் தொடங்கி, பல நாடுகளில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களிடம் நடத்தப்படுகிறது. அதில் இப்படித் தாண்டிச் செல்லும் வழியே இல்லை. 'நான் சிகரெட் பிடித்ததே இல்லை' என்பதும் விடைகளில் ஒன்றாக இருக்கும். அதனால் எல்லோரும் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எழுதுவார்கள். இந்த ஒன்றை மட்டுமாவது அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேள்வியின் சொற்கள். 'உனக்குப் புகைப்பழக்கம் உண்டா?' என்று கேட்டால், விடுமுறை நாளில் மட்டும் நண்பர்களோடு பிடிக்கிறவன் இல்லை என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை, தன்னைப் பழக்கக்காரனாக அவன் நினைக்கவில்லை. ஒன்றிரண்டு இழுப்பாவது எப்போதாவது இழுத்ததுண்டா, கடந்த 30 நாட்களில் எத்தனை நாள் பிடித்தாய் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மேலே சொன்ன கணக்கெடுப்பில், 30 நாட்களில் ஒரு நாள் பிடித்திருந்தாலே 'தற்போது புகைப்பவர்' என்றுதான் கணக்கு. தினமும் பிடிப்பவரை மட்டும் எண்ணிய வேறொரு கணக்கோடு அதை ஒப்பிடக் கூடாது. மின் சிகரெட்டுக்குத் தனிக் கேள்வி வேண்டும்.

அன்று வகுப்புக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்புவதும் தவறு. அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுகிறவர்களிடம் புகைப்பழக்கம் கூடுதலாக இருக்கும். இன்னொரு நாள் போய் அவர்களையும் கேட்க வேண்டும். பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் திரும்பி வந்த மாணவர்களை மட்டும் சேர்த்தாலும் இதே சிக்கல் வரும். எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகுகிறார்கள். ஆகவே 20 வகுப்புகளில் 30 பேர் வீதம் 600 பேரைக் கேட்டால், தனித்தனியே தேர்ந்தெடுத்த 600 பேரைக் கேட்டதற்கு அது சமமாகாது. வகுப்புக்குள் ஒற்றுமையை 0 (ஒற்றுமையே இல்லை) முதல் 1 (எல்லோரும் ஒரே மாதிரி) வரை அளப்பார்கள். அது 0.05 என்று வைத்துக்கொண்டால், 1 + (30 − 1) × 0.05 = 2.45. 600ஐ இதனால் வகுத்தால், தனித்தனியே தேர்ந்தெடுத்த ஏறக்குறைய 245 பேரைக் கேட்டதற்குத்தான் சமம். பிழை வரம்பு அதற்கேற்ப விரியும். விடையின்றி விட்ட தாளை 'புகைக்காதவர்' என்று சேர்ப்பது இன்னும் மோசம்.

உமிழ்நீரைச் சோதிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் உண்மை வருமா? 1970களிலேயே இதைச் செய்து பார்த்தார்கள், ஒப்புக்கொள்பவர் கூடினார்கள். ஆனால் சோதிக்காமலே சோதிப்பதாகச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றுவது, எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மையாகவே சோதித்தாலும், நிகோடினிலிருந்து உண்டாகும் கொட்டினின் சில நாட்களில் மறைந்துவிடும். மாதத்தில் ஒரு நாள் பிடிப்பவன் அதில் அகப்பட மாட்டான்.

கடைசியாக, முடிவுகளைப் பிரிவுவாரியாகப் பள்ளிக்குக் கொடுக்காதீர்கள். '9ஆம் வகுப்பு ஆ பிரிவில் நான்கு பேர்' என்று தலைமையாசிரியர் மேசைக்குப் போனால், மறுநாள் காலையில் அந்த வகுப்பில் பை சோதனை நடக்கும்.