தேறிவரும் நாட்களில் 'நாளைக்கு' என்று ஒன்று

நோய் விட்டாலும் அசதி லேசில் விடாது. மருந்து வேளை, சாப்பாட்டு வேளை தவிர நாளில் வேறெதுவும் இல்லாமல் போனால் திங்களுக்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நாட்களில் 'நாளை மாலை 4 மணிக்கு இது' என்று காலண்டரில் எழுதிவைத்து, ஆசையோடு காத்திருக்க ஒன்று வேண்டும். எவ்வளவு சின்னதானாலும் சரி, நேரம் குறித்திருக்க வேண்டும். 'முடிந்தால் பார்க்கலாம்' என்று விட்டால் நடக்காது. இருக்கிற கொஞ்சத் தெம்பையும் குளியலும் துணி மடிப்பதும் நலம் விசாரிக்கும் போன்களும் மதியத்துக்குள் தின்றுவிடும்.

முதலில் கையிருப்பைப் பாருங்கள். 3 நாட்களுக்கு ஒரு தாளில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் தெம்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எது உங்களுக்கு நல்ல வேளை என்று தாளே சொல்லிவிடும். அந்த வேளையில் ஒரு துண்டை ஆசைக்கு ஒதுக்கி, குளியலை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். குளிப்பது வெளியே தெரிவதைவிடக் களைப்பான வேலை. நிற்க வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், போதாததற்கு வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளியுங்கள். மிச்சமாகும் தெம்பு கால்மணி நேர ஆசைக்குப் போதும்.

அடுத்தது அளவு. மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவே உங்கள் அளவு. சுமாரான நாளில் 20 நிமிடம் உட்கார முடிகிறது, மோசமான நாளில் 10 நிமிடம்தான் என்றால், 10 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது நல்ல நாளில்தான். 'இன்று பரவாயில்லையே' என்று அலமாரி அடுக்கப் போய், மறுநாள் எழ முடியாமல் கிடப்பார்கள். வைரஸ் காய்ச்சல்களுக்குப் பின் சிலருக்கு இந்த அடி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து விழும். அதனால் எது காரணம் என்றே புரியாது. அப்படி நடந்தால் அளவைக் கூட்டாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தொல்லை இல்லாதவர்கள் வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும்.

பல நாள் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்காருங்கள். கணுக்காலை 10 முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து, அரை நிமிடம் நின்றுவிட்டு நடங்கள். நெஞ்சு வலித்தால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மயங்கி விழுந்தால் இந்தக் குறிப்பை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி ஆசைகள். முதல் வேலையாக நாற்காலியை ஜன்னலோரம் போடுங்கள். ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து, ஜன்னலில் மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள். 46 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். நாற்காலியை நகர்த்த அது போதும்.

தினமும் மாறுகிற ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். 5 பச்சைப்பயறை இரவு முழுக்க ஊறவைத்து, கண்ணாடி டம்ளரின் உட்சுவருக்கும் ஈரப் பஞ்சுக்கும் நடுவே செருகுங்கள். ஒன்றிரண்டு நாளில் தோல் வெடித்து வெள்ளை வேர் மூக்கை நீட்டும். வேர் கீழே வளைவதும், தண்டு கொக்கிபோல் குனிந்து பிறகு நிமிர்வதும் கண்ணாடி வழியே தெரியும். பஞ்சு நனைந்திருந்தால் போதும், தண்ணீர் தேங்கினால் விதை அழுகி நாறும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தொட்டிமண்ணைக் கிளறாமலிருப்பதே நல்லது. அவர்களுக்கும் இந்தப் பஞ்சு முறை ஒத்துவரும், முளையைப் பச்சையாக வாயில் போடாதவரை.

முகரும் திறன் போய்விட்டவர்களுக்குச் சாப்பாடே சலித்துப்போகும். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. முகரும் திறனை ஆராயும் ஜெர்மன் மருத்துவர் தாமஸ் ஹம்மலின் குழுவினர் 2009-இல் வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு தைலங்களையும் தனித்தனிப் பஞ்சில் சில சொட்டுவிட்டு, மூடியுள்ள சின்ன பாட்டில்களில் வையுங்கள். காலையும் இரவும் ஒவ்வொன்றையும் 20 விநாடி மெதுவாக முகருங்கள், அந்த மணத்தை மனதில் கொண்டுவந்தபடி. 12 வாரமாவது செய்ய வேண்டும். இரண்டே வாரத்தில் 'ஒன்றும் தெரியவில்லை' என்று பாட்டிலைத் தூக்கிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நடுவில் சில மணங்கள் கருகலாக, கோணலாகத் தெரியலாம். நரம்பு மீளும்போது அப்படி நேர்வதுண்டு.

வாசிப்பில் கவனம் நிற்காவிட்டால் ஒலிநூலை 10 நிமிட டைமர் வைத்துக் கேளுங்கள். கதை பாதியில் நிற்பது நல்லதுதான், மீதி நாளைக்கு இருக்கும். போனில் தள்ளிக்கொண்டே போவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு முடிவும் கிடையாது, காத்திருக்கவும் எதுவும் இல்லை.

வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "15 நிமிஷம்தான் உட்கார முடியும், ஆனா கண்டிப்பா வாங்க." வந்த பிறகு சொன்னால் வருத்தமாகிவிடும். கதவருகே நின்றபடி நீளும் பேச்சுதான் ஆளைச் சாய்ப்பது. விடைகொடுக்க எழுந்து போகாதீர்கள், நாற்காலியிலிருந்தே கையசையுங்கள்.

ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் 'இது எவ்வளவு பிடிக்கும்' என்று 10-க்கு ஒரு மதிப்பெண், செய்த பின் ஒரு மதிப்பெண். மனம் சோர்ந்திருக்கையில் முதல் எண் பெரும்பாலும் குறைவாகவே விழும், அதைப் பார்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். இரண்டாவது எண்ணை வைத்து அடுத்த வாரத்துக்குத் தேர்ந்தெடுங்கள். 2 வாரத்துக்கு மேலாக இந்த இரண்டாவது எண்ணும் 0, 1 என்றே இருந்தால் அது வெறும் அசதியாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது தாளையும் எடுத்துப் போங்கள். 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டால் நாம் வழக்கம்போல 'பரவாயில்லை' என்றுதான் சொல்வோம்.