ஓட்டையில்லாத தொட்டியில் பாய்க்கோரை: முதல் தூரிலிருந்து முதல் அறுப்பு வரை

கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தக் கோரை நிற்கும் வயலைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. முசிறி, கரூர் பக்கம் காவிரியை ஒட்டிப் போனால் நெல் வயலுக்கு நடுவே திடீரென்று ஆள் மார்பளவுக்குப் பச்சைக் குச்சிகளாக ஒரு வயல் வரும். இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கண்ணில் படாது. காற்றடித்தால் மொத்த வயலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து சரசரக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வீட்டில் ஒரு தொட்டி வைத்தேன். இன்று மொட்டை மாடியில் மூன்று தொட்டி நிற்கிறது.

இது நம் நீர்நிலைக் கரைகளிலேயே வளரும் செடி. தாவரவியல் பெயர் சைபரஸ் பாங்கோரி. அந்தப் பெயருக்குள்ளும் ‘கோரை’ ஒலிப்பது காதில் விழும். தாமிரபரணிக் கரையில் பத்தமடைக்காரர்கள் பட்டு மாதிரி மெல்லிய பாய் நெய்வது கோரையில்தான். சங்கப் பாட்டில் சிறுமிகள் வைத்து விளையாடும் ‘பைஞ்சாய்ப் பாவை’யும் கோரையால் செய்த பொம்மையே. சாய் என்றால் கோரை.

முதல் வேலை: சரியான செடியா என்று பார்ப்பது

இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதல் தடவை ஒரு நர்சரியில் கோரை கேட்டு வாங்கி வந்தேன். நன்றாக வளர்ந்தது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் இருபது இலை விரிந்து குடை பிடித்த பிறகுதான் அது வேறு என்று தெரிந்தது. அது குடைக்கோரை, அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த செடி. நம் பாய்க்கோரையின் உச்சியில் பூங்கொத்துக்குக் கீழே இரண்டு மூன்று சிறிய இலைகள்தான் இருக்கும்.

அடுத்து, தோட்டத்தில் களையாக வந்து நம் உயிரை எடுக்கும் கோரைக்கிழங்கு. அதுவும் இதே குடும்பம்தான். ஆனால் முழங்கால் உயரம்கூட வராது. பிடுங்கினால் மண்ணுக்குள் கறுப்பாக, வாசனையாக, மணி கோத்த மாதிரி கிழங்குகள் தொடர்ந்து வரும். அதைத் தெரியாமல் தொட்டியில் வைத்துவிட்டால் பக்கத்துத் தொட்டிக்கெல்லாம் பரவிவிடும். பாய்க்கோரையில் அந்த மணிக்கிழங்கு இருக்காது. மண்ணுக்கடியில் படுத்தபடி ஓடும் கட்டையான வேர்த்தண்டு இருக்கும்.

இன்னொரு சோதனை விரலிலேயே செய்யலாம். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். புல்லாக இருந்தால் வழுக்கிக்கொண்டு உருளும், நடுவில் கணு தட்டுப்படும். கோரை உருளாது. மூன்று விளிம்பும் விரலில் தட்டித் தட்டி நிற்கும், கணுவே இருக்காது.

தூர் வாங்க நல்ல இடம் கோரை வயல்தான். அறுப்பு முடிந்த வயலில் ஓரமாக நான்கைந்து தூர் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். ஏரிக்கரையிலும் குளத்து ஓரத்திலும் போய்த் தோண்டாதீர்கள். கரை மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அந்த வேர்தான்.

தொட்டி: ஓட்டை அடியில் வேண்டாம், பக்கத்தில் வேண்டும்

இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம் உள்ள பிளாஸ்டிக் டப் போதும். பழைய 200 லிட்டர் டிரம்மைக் குறுக்காகப் பாதியாக வெட்டியும் வைக்கலாம். வழக்கமான பூந்தொட்டி மாதிரி அடியில் ஓட்டை இருக்கக் கூடாது. இது சேற்றில் நிற்கும் செடி, தண்ணீர் வடிந்தால் வாடிவிடும்.

அதற்குப் பதிலாக, விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, உள்பக்கம் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். மழை பெய்தால் மிஞ்சிய தண்ணீர் இந்த வழியாகப் போய்விடும். இதன் முக்கியமான வேலை என்ன என்பதைக் கொசு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் தண்டு மெலிந்து சாய்ந்துவிடும். இடத்தை முடிவு செய்து டப்பை வைத்த பிறகே மண் போடுங்கள். ஈர மண் நிரம்பிய இந்த அளவு டப் 100 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதாக இருந்தால் தளத்தின் நடுவில் வேண்டாம், கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

மண்

களிமண் அல்லது குளத்து வண்டல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டுச்சாணம் கால் பங்கு. பச்சைச் சாணம் போட்டால் தேங்கிய ஈரத்தில் அழுகி நாற்றமெடுக்கும். மாடித் தோட்டக்காரர்கள் கை தானாகத் தேங்காய் நார்க்கழிவுப் பக்கம் போகும், இங்கே அது உதவாது. தண்ணீர் ஊற்றியதும் மிதந்து மேலே வந்துவிடும்.

விளிம்புக்கு 8 செ.மீ. கீழே வரை மண்ணை நிரப்பி, தண்ணீர் விட்டு, சேறாகக் குழைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மண் இறங்கினால் இன்னும் கொஞ்சம் போடுங்கள்.

நடவு

ஆடி, ஆவணி நல்ல காலம். சித்திரை வெயிலில் மட்டும் நட வேண்டாம்.

தூரைக் கழுவிப் பாருங்கள். பழுப்பான வேர்த்தண்டில் ஆங்காங்கே வெள்ளையாக, கூம்பாக, நகத்தளவுக்கு முளை துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் அடுத்த தண்டு. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளையாவது இருக்கிற மாதிரிப் பிரியுங்கள். பழைய தண்டுகளை ஒரு சாண் உயரத்துக்கு விட்டு வெட்டிவிடுங்கள். அதைவிடக் குட்டையாக வெட்டினால் வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி அழுகும்.

வேர்த்தண்டைப் படுக்கை வசமாக வைத்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் சேற்றுக்குள் அமுக்குங்கள், முளை நுனி வெளியே தெரியட்டும். இரண்டடி டப்புக்கு நான்கு தூர் தாராளம். அப்புறம் மேலே 4 செ.மீ. கனத்துக்குச் சிறு ஜல்லி பரப்புங்கள்.

தண்ணீரும் கொசுவும்

டெங்குவைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியவே கூடாது. பக்கத்து ஓட்டை ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வருவதால், எவ்வளவு மழை பெய்தாலும் மேலே ஜல்லிதான் தெரியும், தண்ணீர் தெரியாது. ஜல்லிக்குள் விரலை விட்டுப் பாருங்கள், நனைந்தால் சரி. வெயில் காலத்தில் தினமும் ஒரு குடம் கேட்கும். வாரம் ஒரு தடவை அந்த ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜல்லி வேண்டாம், தண்ணீர் தெரிகிற மாதிரி குளமாகவே இருக்கட்டும் என்று நினைத்தால் நான்கைந்து கப்பி மீன் கட்டாயம் விட வேண்டும். மீன் இருந்தால் மருந்து எதுவும் தெளிக்கக் கூடாது.

முதல் இரண்டு மாதம்

நட்ட முதல் இரண்டு வாரம் பழைய தண்டெல்லாம் மஞ்சளாகிக் காயும். போச்சு என்று பிடுங்கிவிடாதீர்கள். ஜல்லிக்கு நடுவே ஊசி மாதிரி பச்சை நுனி எட்டிப் பார்க்கும். தொட்டால் குத்தும். ஒன்று வந்துவிட்டால் பிறகு வரிசையாக வரும்.

மாதம் ஒரு கைப்பிடி மக்கிய சாணத்தை ஜல்லியை விலக்கி மண்ணில் புதைத்தால் போதும். மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடலாம்.

அறுப்பு

முதல் அறுப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பொறுங்கள். பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை அறுக்கலாம். உச்சிப் பூங்கொத்து பழுப்பேறியதும் ஜல்லிக்கு நான்கு விரல் மேலே கூர்மையான அரிவாளால் ஒரே வெட்டாக அறுக்க வேண்டும். அறுக்க மனசு வராமல் நான் ஒரு தொட்டியை அப்படியே விட்டுப் பார்த்தேன். காய்ந்த தண்டு அடைத்துக்கொண்டு புது முளைக்கு வெயிலே கிடைக்காமல் போனது. கோரையை அறுத்தால்தான் அது தழைக்கும்.

அறுத்த அன்றைக்கே, பச்சையாக இருக்கும்போதே தண்டைக் கிழிக்க வேண்டும். அடிப்பக்கம் கத்தியால் சின்னதாகக் கீறி, இரண்டு பக்கத்தையும் இரண்டு கையில் பிடித்து மெதுவாக இழுத்தால் நுனி வரை தானாகப் பிளந்துகொண்டே போகும். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருப்பதைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் காயட்டும், சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பனியில் நனைந்தால் கறுப்புப் புள்ளி விழும்.

ஒரு தொட்டிக் கோரை பாய்க்குக் காணாது. தட்டுக்கு அடியில் போடும் சின்னத் தடுக்கு பின்னலாம். தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டவும், கீரைக் கட்டு கட்டவும் நன்றாக இருக்கும். பின்னுவதற்கு முன் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒடியாமல் வளையும்.

இரண்டு வருடத்தில் வேர் டப் முழுக்க நெருக்கிப் பக்கச் சுவரையே பிதுக்கும். அப்போது மொத்தத்தையும் கவிழ்த்து, பழைய ரம்பத்தால் நான்காக அறுத்து, ஓரத்தில் இருக்கும் இளம் துண்டுகளைத் திரும்ப நடுங்கள். மிச்சத்தை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் வரை கெடாது. அதற்குள் கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.