காது மந்தமாகிட்டே வருதா? மும்பைல இருக்கறவங்க ஆபரேஷனுக்கு சரி சொல்றதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க

மும்பைல இருக்கற தமிழ் ஆளுங்களுக்கு காது மந்தமாகறது ரொம்ப லேட்டாதான் தெரியுது, ஏன்னா நமக்கு சொல்லிக்க ஒரு காரணம் ரெடியா இருக்கு. பேங்க்ல கவுன்டர்காரர் சொன்னது விளங்கலன்னா மராத்தி சரியா வரலன்னு நினைச்சுக்குவோம், ஆபீஸ்ல ஹிந்தில வேகமா பேசிட்டாங்கன்னு நினைச்சுக்குவோம், மீதிய ரோட்டு சத்தத்து மேல போட்டுடுவோம். அதனால முதல்ல வீட்டுல பாருங்க, பேன் ஓடறப்போ முதுகுக்கு பின்னாடி இருந்து அம்மாவோ வீட்டுக்காரரோ சாதாரணமா தமிழ்ல பேசினா புரியுதா? அதையும் திரும்ப திரும்ப கேக்க வேண்டி இருந்தா விஷயம் பாஷைல இல்ல, காதுலதான், டெஸ்ட் பண்ணிடுங்க.

ஒண்ணு மட்டும் தனியா சொல்லிடறேன். திடீர்னு ஒரே நாள்லயோ ரெண்டு மூணு நாளுக்குள்ளயோ ஒரு காது அடைச்ச மாதிரி ஆகி கேக்காம போச்சுன்னா அழுக்குதான்னு எண்ணெய் விட்டுட்டு உக்காந்துடாதீங்க, அன்னிக்கே ஈஎன்டி டாக்டர்கிட்ட போங்க. நரம்பு பக்கத்து பிரச்சினையா இருந்தா ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாதான் கேக்கற சக்தி திரும்ப வர சான்ஸ் அதிகம், ரெண்டு வாரம் தாண்டிட்டா பலன் குறைஞ்சுடும். மெதுவா மந்தமாகற காதுக்கு இந்த அவசரம் தேவையில்ல, நிதானமா யோசிச்சு முடிவு பண்ணலாம்.

டெஸ்ட் எங்க எடுக்கறது? பாந்த்ரா ரிக்ளமேஷன்ல அலி யாவர் ஜங் இன்ஸ்டிட்யூட் இருக்கு, காதுக்கும் பேச்சுக்கும்னே 1983ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காது கேக்குதான்னு பாக்கற டெஸ்ட்டெல்லாம் அங்க நடக்கும். கேஇஎம், சயான், நாயர் ஆஸ்பத்திரிலயும் ஈஎன்டி ஓபிடி இருக்கு, காலைல சீக்கிரம் போய் கேஸ் பேப்பர் எடுத்துட்டா அன்னிக்கே பாத்துடலாம். காது மிஷின் விக்கற கடைல ப்ரீயா பண்ற டெஸ்ட்ட வச்சு ஆபரேஷன் முடிவு பண்ணாதீங்க, அது பெரும்பாலும் மிஷினுக்குதான் போதும். உங்களுக்கு வேணுங்கறது சத்தம் புகாத ரூம்ல எடுக்கற ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேக்குதுன்னு காட்டற கிராப், அதுல காத்து வழியாவும் எலும்பு வழியாவும் ரெண்டும் பாத்திருக்கணும், கூடவே செவிப்பறை எப்படி அசையுதுன்னு பாக்கற இம்பீடன்ஸ் டெஸ்ட்.

அந்த கிராப்ப கைல வாங்கினதும் மடிச்சு பைல வச்சுடாதீங்க, படிக்க கத்துக்கோங்க, கஷ்டமே இல்ல. சிவப்பு வட்டம் வலது காது, நீல எக்ஸ் இடது காது, இது ஹெட்போன் போட்டு கேட்டது. கோடு மேல இருந்தா நல்லா கேக்குது, கீழ இறங்க இறங்க மந்தம். இடது பக்கம் கனமான சத்தம், வலது பக்கம் போக போக கீச்சு சத்தம். காதுக்கு பின்னாடி எலும்புல ஒரு சின்ன பெட்டிய அழுத்தி வச்சு எடுத்தாங்களே, அது அம்புமுனை மாதிரியோ அடைப்புக்குறி மாதிரியோ தனியா போட்டிருக்கும். எலும்பு கோடு மேல நல்லா இருந்து காத்து கோடு மட்டும் கீழ கிடந்தா, நரம்பு நல்லா இருக்கு, சத்தம் உள்ள போற வழிலதான் தடங்கல், அதாவது செவிப்பறைலயோ அதுக்கு பின்னாடி இருக்கற குட்டி எலும்புங்கள்லயோ. இந்த மாதிரி கேஸ்லதான் ஆபரேஷன் கேக்கற சக்திய திருப்பி தரலாம். ரெண்டு கோடும் சேந்தே கீழ இறங்கியிருந்தா உள்காது மந்தம், வயசானா வர்றது, வருஷக்கணக்கா மிஷின் சத்தத்துல வேலை பாத்தா வர்றது எல்லாம் இதுதான். இதை பழையபடி ஆக்கற ஆபரேஷன் இல்ல, காது மிஷின்தான் வழி, ரொம்ப போயிட்டா காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற மின்கருவி. ஒரு காது மட்டும் இப்படி அதிகமா இறங்கியிருந்தா எம்ஆர்ஐ எடுக்க சொல்லுவாங்க, நரம்புல கட்டி எதுவும் இல்லைன்னு பாத்துக்கறதுக்கு, பயப்படாம எடுத்துடுங்க.

நம்மாளுங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு. டெஸ்ட்ல கடைசியா வார்த்தை சொல்லி திருப்பி சொல்ல சொல்லுவாங்க, அதுல எவ்வளவு சரியா சொல்றோம்கற மார்க்கும் முடிவுல சேரும். ஊர்ல இருந்து வந்து பையன்கூட இருக்கற பாட்டிகிட்ட மராத்தி வார்த்தைய சொல்லி கேட்டா மார்க் கம்மியாதான் வரும், அதை வச்சு மிஷின் பிரயோஜனப்படாதுன்னு எழுதிட்டாங்கன்னா? தமிழ் லிஸ்ட் இருக்கான்னு முதல்லயே கேளுங்க, இல்லைன்னா எந்த பாஷை நல்லா தெரியுமோ அதுல பண்ண சொல்லுங்க, எந்த பாஷைல பண்ணினதுன்னு ரிப்போர்ட்ல எழுதவும் சொல்லுங்க. கேக்கறதுக்கு கூச்சமே படாதீங்க.

இப்போ ஆபரேஷன். காதுல சீழ் வந்து நாத்தம் அடிக்குது, டாக்டர் கொலஸ்டியடோமான்னு, அதாவது செவிப்பறைக்கு பின்னாடி தோல் தப்பா வளந்து சேந்திருக்குன்னு சொன்னாருன்னா யோசிக்க ஒண்ணுமில்ல, பண்ணித்தான் ஆகணும், அது எலும்பையே அரிச்சுட்டு மூளை பக்கம் வரைக்கும் போகக்கூடியது. அங்க முதல்ல நோய எடுக்கறதுதான் முக்கியம், காது கேக்கறது ரெண்டாவது. செவிப்பறைல வெறும் ஓட்டைன்னா நம்ம சதை மேல இருக்கற சவ்வையே கொஞ்சம் எடுத்து ஒட்டுவாங்க.

நிஜமா யோசிச்சு முடிவு பண்ண வேண்டியது ஓட்டோஸ்க்ளீரோசிஸ்ல, எனக்கு இருக்கறதும் அதான். உள்ள ஸ்டேப்ஸ்னு மூணு மில்லிமீட்டர் அளவுல ஒரு எலும்பு, உடம்புலயே சின்ன எலும்பு, அது அசையாம இறுகிடும். குடும்பத்துல வரும், பொம்பளைங்களுக்கு அதிகம், இருபது முப்பது வயசுலயே ஆரம்பிச்சுடும். இதுல ஒரு விசித்திரம், ஆபரேஷனுக்கு முன்னாடி ஓடற லோக்கல் ரயில்ல எனக்கு பேச்சு நல்லா கேக்கும், கம்பார்ட்மென்ட்ல எல்லாரும் சத்தமா பேசுவாங்க, தண்டவாள சத்தம் எனக்கு பாதிதான் வரும். அமைதியா இருக்கற வீட்டுக்குள்ள வந்தா கேக்காது! உங்களுக்கும் இப்படின்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

இதுக்கு அந்த எலும்புல சின்ன துளை போட்டு ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிசான பிஸ்டன் வைப்பாங்க. அமெரிக்கால ஜான் ஷே (John Shea)ங்கற டாக்டர் 1956ல ஆரம்பிச்ச ஆபரேஷன்ல இருந்து வளந்த வழி, இன்னிக்கு கை தேர்ந்தவங்க பண்ணினா பத்துல ஒம்போது பேருக்கு நல்லா கேக்குது. ஆனா நூத்துல ஒருத்தர் அளவுக்கு அந்த காது சுத்தமா போயிடற ஆபத்தும் இருக்கு, இதை மறைக்காம சொல்ற டாக்டர்தான் நமக்கு வேணும். அதனாலதான் எப்பவும் மோசமான காதுல முதல்ல பண்ணுவாங்க, ரெண்டையும் சேத்து பண்ண மாட்டாங்க, கேக்கறதே ஒரு காதுதான்னா அதை பொதுவா தொடவே மாட்டாங்க. இந்த ஆபரேஷன் நீங்க வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க, என் கிராப்ல காத்து கோட்டுக்கும் எலும்பு கோட்டுக்கும் இடைவெளி எத்தனை டெசிபல் (சத்தத்தோட அளவு), அதுல எவ்வளவு மூடும்னு நினைக்கறீங்க, கத்தி பிடிக்கப்போறது நீங்களா ஜூனியரா, இவ்வளவும் நேருக்கு நேர் கேட்டுடுங்க.

என் அபிப்பிராயம், ஆபரேஷனுக்கு தேதி வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரமாவது நல்ல மிஷின் ட்ரயல்ல போட்டு பாக்கணும். இந்த நோய்க்கு மிஷினும் நல்லாவே வேலை செய்யும், அதுல திருப்தின்னா வெட்டிக்க வேண்டிய கட்டாயமே இல்ல. கடைல உக்காந்து கேட்டு பாத்தா பத்தாது, மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு போட்டுட்டு போங்க, குக்கர் விசில் அடிக்கறப்போ சமையல்கட்டுல நில்லுங்க, கல்யாண ரிசப்ஷனுக்கு போங்க. நான் இடது காதுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், வலதுல மிஷின், ரெண்டும் ஒத்து போகுது.

மிஷின் போட்டா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மும்பை ஈரம்தான் எதிரி. காதுக்குள்ள போற டியூப்ல சொட்டு தண்ணி நின்னுடும், திடீர்னு சத்தம் அமுங்கிடும், பேட்டரி போச்சுன்னு நினைப்போம். ராத்திரி பேட்டரி கதவ திறந்து சிலிகா ஜெல் போட்ட டப்பால வச்சுடுங்க. புது பேட்டரில ஸ்டிக்கர் உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்து பட விட்டு அப்புறமா போடுங்க, அது காத்துலதான் வேலை செய்யுது.

ஆபரேஷன் பண்ணிக்கிட்டா முதல் சில நாள் தலை சுத்தும், நாக்குல ஒரு பக்கம் ருசி கொஞ்ச நாளைக்கு மாறி இருக்கும். மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தா வாய திறந்து தும்மணும், கனமா தூக்கக்கூடாது, தலைக்கு தண்ணி படக்கூடாது, பிளைட் எப்போன்னு டாக்டர் சொல்லணும். காலை நேர விரார் பாஸ்ட் கூட்டத்துல இடி வாங்கிட்டு போற வேலையா இருந்தா சில வாரம் லீவு போட்டுடுங்க. உள்ள அடைச்ச பஞ்ச எடுத்த அன்னிக்கே எல்லாம் கேக்கணும்னு எதிர்பாக்காதீங்க, ஆற வாரக்கணக்காகும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் பத்தி யோசிக்கறவங்களுக்கு ஒண்ணு, ஆபரேஷன் முடிஞ்சா வேலை அப்போதான் ஆரம்பிக்குது. சில வாரம் கழிச்சு ஆன் பண்ணுவாங்க, முதல்ல வர்றது ரோபோ பேசற மாதிரிதான் இருக்கும், மாசக்கணக்கா பழகணும், அதையும் வீட்டுல பேசற பாஷைல பழகணும். தெரபி தமிழ்ல கிடைக்குதான்னு இப்பவே விசாரிங்க, இல்லைன்னா வீட்டுல யார் தினமும் உக்காந்து பேசப்போறாங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க. பேட்டரி, கேபிள், பின்னாடி வெளிய மாட்டற ப்ராசஸர் மாத்தறதுன்னு செலவு தொடரும், அதையும் எழுதி வாங்கிடுங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு, சமையல்கட்டுல இருந்து கத்தாதீங்க, பேர சொல்லி கூப்பிட்டு முகத்த பாத்து பேசுங்க. என்னன்னு கேட்டா "ஒண்ணுமில்ல, விடு"ன்னு சொல்லாதீங்க, அது ரொம்ப வலிக்கும். டாக்டர் ரூம்லயும் பேஷன்ட்கிட்டதான் பேச சொல்லுங்க, பையன்கிட்ட இல்ல. ஆண்ட்ராய்டு போன்ல லைவ் டிரான்ஸ்க்ரைப்னு கூகுள் ஆப் இருக்கு, டாக்டர் பேச பேச எழுத்தா வரும், தமிழும் உண்டு ஹிந்தியும் உண்டு.

ரெண்டு காதுலயும் மந்தம் 60 டெசிபலோ அதுக்கு மேலயோ இருந்தா 2016 சட்டப்படி மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்டுக்கு அப்ளை பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியோகிராம் எடுத்து தேதி வாரியா ஒரே பைல்ல போட்டு வைங்க, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாதான் காத்திருக்கலாமா கூடாதான்னு டாக்டராலயே சொல்ல முடியும்.